கண் சோதனைக்கு ஒரு கொப்பி

என் வயதுக்காரர்களே, இந்த நாட்டுப் பனியில் தலை நரைத்தவர்களே, பிறந்தநாள் விழாக்களில் நாம் மண்டபத்தின் ஒரு மூலையில் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை எப்படி ஆளாக்கினோம் என்று கதைக்கிறோம். அந்த வட்டத்தில் யாராவது என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு முந்தியே நல்லாத் தயார்ப்படுத்தினனீங்கள் என்ன?" என்று கேட்பதுண்டு. "ஓம்" என்று சொல்லிவிட்டு ரோல்ஸைக் கடிப்பேன். அந்த "ஓம்" பாதி பொய். மற்றப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முந்திய வசந்தம் அது. ஜெர்மனியின் ஹம் நகரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் எங்கள் இரண்டு அறை வீடு. சரக்கு ரயில் போகும்போது அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். எனக்கு நாற்பத்து மூன்று வயது. மகளுக்கு ஐந்தரை. யுத்தம் எங்கள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டதால் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. எங்கள் அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசையில் நின்று விசாவைப் புதுப்பிக்க வேண்டும். நான் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் விடிய முன்னரே வேலைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவேன். கதவைத் திறந்ததும் மகள் என் கையை இழுத்து முழங்கை மடிப்பை மணந்து பார்ப்பாள்.

"இண்டைக்கு எள்ளு!"

"இல்லை."

"அப்ப சூரியகாந்தி விதை!"

அநேகமாகச் சரியாக இருக்கும்.

ஊரில் நான் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவன். பத்து வருடத்துப் பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்து, அடுத்த சோதனையில் என்ன வரும் என்று சொல்வதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஜெர்மனிக்கு வந்து அகதி விடுதியில் இருந்த காலத்திலும் அதே தொழிலைத்தான் செய்தேன். விசாரணைக்குப் போய் வந்த ஒவ்வொருவரையும் பிடித்து, என்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுவேன். அடுத்துப் போகிறவர் அதைப் பாடமாக்கிக்கொண்டு போவார். அதிகாரிக்கு முன்னால் முழுசிக்கொண்டு நிற்கக் கூடாது. எங்களுக்கெல்லாம் அந்த நாளில் தெரிந்த வேதம் அது ஒன்றுதான்.

இங்கே பள்ளிக்கூடத்தில் சேரும் முன்னர் பிள்ளையை நகரச் சுகாதார அலுவலகத்தில் ஒரு டொக்டர் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். கண், காது, கை கால் அசைவு, பேச்சு எல்லாம் பார்ப்பார். அது பரீட்சை அல்ல என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். சொன்னார்கள். கிண்டர்கார்டன் ஆசிரியை இரண்டு தடவை சொன்னார். அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் நம்பவில்லை. அரசாங்கம் முத்திரை குத்தி, நாளும் நேரமும் குறித்து அனுப்பும் ஒன்றைப் பரீட்சை அல்ல என்று நம்ப எனக்கு ஏலவில்லை.

கிண்டர்கார்டன் ஆசிரியை ஒரு தாளும் தந்தார். பெற்றோர் வீட்டில் பழக்க வேண்டியவை என்று தலைப்பு. சப்பாத்து நூல் கட்டுவது, தனியே கழிப்பறைக்குப் போய் வருவது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடுவது, தன் முறை வரும் வரை காத்திருப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பது. நான் வாசித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன்.

"இது பாடத்திட்டமே? பெட்டி மூடுறதுக்கு ஒரு பேப்பர்!"

மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். "மூடப் பழகட்டுமன். நீங்கள் இன்னும் கறிச்சட்டியை மூடுறேல்லை" என்றாள்.

இனி நான் செய்ததற்கு வருகிறேன். எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் வரும் என்பதால், தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்க அந்தச் சுகாதார அலுவலகம் என்னை அழைத்துக்கொண்டிருந்தது. அந்த வசந்தத்தில் வெவ்வேறு நாட்களில் மூன்று பிள்ளைகளோடு டொக்டரின் அறைக்குள் இருந்தேன். மூன்றாவது பிள்ளை வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டிக் கேட்டபோது தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இன்னும் ஒரு வருடம் பொறுத்துச் சேர்க்கலாம் என்று டொக்டர் அன்பாகத்தான் சொன்னார். திரும்பி வரும் பேருந்தில் அந்தத் தாய் அழுதுகொண்டே வந்தார். "ஒரு வருசம் அண்ணை, ஒரு வருசம் போச்சு" என்றார். ஒரு வருடம் பிந்துவது என்றால் எங்கள் ஆட்களுக்கு என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்று பின்னேரமே ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். நாற்பது பக்கம், நீல மட்டை. அறைக்குள் மூன்று தடவை கண்டதையும் கேட்டதையும் வரிசை பிசகாமல் எழுதினேன். ஒற்றைக் காலில் எத்தனை தரம் துள்ளச் சொல்வார், மனித உருவம் வரையும்போது எந்தெந்த உறுப்பு இருக்க வேண்டும், காதுக் கருவியில் சத்தம் எந்தப் பக்கம் முதலில் வரும் என்று எல்லாம். கடைசிப் பக்கத்தில் கண் சோதனைப் படங்கள். வீடு, அப்பிள், வளையம், பெட்டி. அடுத்த வரியில் அதே படங்கள் சிறிதாகி, இடம் மாறி. மொத்தம் ஆறு வரி.

நான் ஒளியியல் படிப்பித்தவன். வில்லையையும் விழித்திரையையும் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்து, கதிர் எங்கே முறிகிறது, விம்பம் எங்கே விழுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியவன். கண்ணைச் சோதிக்கும் படத்தைப் பாடமாக்கினால் கண்ணைச் சோதிக்க முடியாது என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பக்கத்தை எழுதும்போது என் கை தயங்கவில்லை. அதுதான் இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆனால் சோதனைக்கு முந்திய அந்த ஆறு வாரங்களைப் போல் எங்கள் வீடு சிரித்த காலம் வேறு இல்லை. அதையும் மறைக்கக் கூடாது. வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்டதும் வீடு சுகாதார அலுவலகமாக மாறிவிடும். மனைவி என் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு டொக்டராக வருவாள். சேட்டு முழங்காலைத் தொடும். நான் தாதி. மகள் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும்.

"வணக்கம் பிள்ளை, பேர் என்ன?"

"அம்மா, உங்களுக்கு என்ரை பேர் தெரியாதே?"

"நான் அம்மா இல்லை, டொக்டர்."

"டொக்டர், உங்கடை மூக்கிலை மஞ்சள்தூள்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தால் நிறுத்த முடியாது. சோபாவில் விழுந்து சிரிப்பாள். நான் தாதியின் கண்டிப்போடு கொப்பியைத் தட்டுவேன். துள்ளும் பாடம் வந்ததும் கண் சோதனைப் படங்களையும் அதோடு சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு படம். "ஹவுஸ், அப்ஃபெல், ரிங், கஸ்டன்" என்று ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு அறையைச் சுற்றி வருவாள். இரண்டு கிழமையில் ஆறு வரியும் பாடம். பாட்டைப் போலப் பின்னாலிருந்தும் சொல்லுவாள்.

கீழ்வீட்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஜெர்மன்காரர் தனியே இருந்தார். துள்ளல் தொடங்கிய நாளிலிருந்து அவர் வீடு கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பார். நாங்கள் அடங்குவோம். பிறகு மகள் அவர் இடிப்பதையும் விளையாட்டாக்கி, அவர் மூன்று தரம் இடித்தால் தானும் மூன்று தரம் துள்ளிப் பதில் சொல்லத் தொடங்கினாள். ஒரு நாள் அவரே மேலே ஏறி வந்துவிட்டார். மனைவி வெள்ளைச் சேட்டோடு கதவைத் திறந்தாள்.

"யாருக்குச் சுகமில்லை?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடச் சோதனைக்குப் பழகுகிறோம் என்றேன். அவர் மகளின் கால்களைப் பார்த்தார்.

"நூல் கட்டத் தெரியுமா?"

"அது சோதனையில் வராது."

"வகுப்பில் வரும். ஒவ்வொரு நாளும் வரும்" என்று சொல்லி, வாசற்படியில் குந்தி, தன் சப்பாத்து நூலை அவிழ்த்துக் காட்டினார். மறுநாளிலிருந்து எங்கள் படிக்கட்டில் இரண்டாவது ரியூட்டரி தொடங்கியது. அவர் தும்புத்தடியைக் கைவிட்டார். மகள் நூல் கட்டப் பழகினாள். நான் அதை நேர விரயம் என்று நினைத்தேன்.

சோதனை நாளில் மகள் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். டொக்டர் ஐம்பது வயதுப் பெண், கழுத்தில் மணிக்கோவையோடு கண்ணாடி தொங்கும். என்னைக் கண்டதும், "இன்றைக்கு மொழிபெயர்ப்பாளராக இல்லை, அப்பாவாக!" என்று கை கொடுத்தார். வெளியே மனைவியும், தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்களின் கூட்டமும். மகள் துள்ளினாள், வரைந்தாள், பந்தைப் பிடித்தாள். படங்களுக்கு முன்னால் நின்றதும் டொக்டர் சுட்டிக் காட்டும் தடியை உயர்த்தும் முன்னரே தொடங்கிவிட்டாள்.

"மெதுவாக, மெதுவாக!" என்று டொக்டர் சிரித்தார்.

இடது கண்ணை மூடிச் சொன்னாள். வலது கண்ணை மூடியும் சொன்னாள். ஒரு பிழை இல்லை. குறைபாடு எதுவும் இல்லை என்று டொக்டர் எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தடி எந்த வரிசையில் போகும் என்று தெரிந்த ஒருவன் அந்த அறையில் இருப்பான் என்று அவர் எப்படி நினைப்பார்?

அன்று வழியில் மூன்று பேரும் ஐஸ்கிரீம் குடித்தோம். என் கொப்பி நகரத் தமிழர்களிடையே பெயர் எடுத்தது. இரண்டு குடும்பங்கள் இரவல் கேட்டன. பெருமையோடு கொடுத்தேன்; படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார்கள்.

எங்கள் நகரின் ஓரத்தில் இருக்கும் ஊன்ட்றொப் கோயிலில் தேர்த் திருவிழா வந்தது. கால்வாய்க் கரை நிறையச் சனம். ஹம்பேர்க்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வெயிலில் கற்பூரமும் தார் ரோட்டும் சேர்ந்து மணந்தன. கடை வரிசையில் மகள் ஒரு விளையாட்டுத் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு நகர மறுத்தாள். சிவப்புப் பிளாஸ்டிக், இழுத்தால் நீளும். வாங்கிக் கொடுத்தேன். அவளைத் தோளில் தூக்கி வைத்தேன். தவில் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. தேர் அசைந்து வந்தது.

அவள் தொலைநோக்கியை வலது கண்ணில் வைத்து, தேரின் உச்சியில் கட்டியிருந்த குஞ்சங்களை எண்ணினாள். அந்தக் கண்ணில் வெயில் அடித்ததால் நான் கையை உயர்த்தி அதை மறைத்து, "மற்றக் கண்ணாலை பார்" என்றேன். மாற்றி வைத்தாள்.

"அப்பா, இதுக்குள்ளை தேர் இல்லை."

"வடிவாப் பார். நேர முன்னாலை வருது."

"அந்தக் கண்ணிலை தேர் இருக்கு. இந்தக் கண்ணிலை இல்லை."

வீட்டில் பால் முடிந்துவிட்டது என்று சொல்வதைப் போல் சொன்னாள். அவளை இறக்கி, கூட்டத்துக்கு வெளியே கூட்டிப் போய், ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். வலது கண்ணை என் கையால் மூடி, நான்கு அடி தள்ளி மற்றக் கையை நீட்டினேன்.

"எத்தனை விரல்?"

"மூண்டு" என்றாள் உடனே. நான் நீட்டியது இரண்டு. என் முகத்தை நோக்கித் தலையைத் திருப்பினாள். "நாலு? அஞ்சு?" தெரியாது என்று அவள் சொல்லவேயில்லை. அந்தச் சொல்லை அவளிடமிருந்து நான் எடுத்துவிட்டிருந்தேன்.

"அப்ப டொக்டரிட்டை எப்பிடிச் சொன்னனீ?"

"நீங்கள் சொல்லித் தந்ததுதானே அப்பா" என்று, ஒற்றைக் காலில் துள்ளி, முதல் வரியைச் சொல்லிக் காட்டினாள். நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டித் தேர் போனது. என் மனைவி கூட்டத்துக்குள்ளிருந்து அர்ச்சனைத் தட்டோடு எங்களைத் தேடி வந்தாள்.

பேருந்தில் அவளிடம் சொன்னேன். அவள் மகளின் கண்ணைத் தானும் ஒரு தரம் மூடித் திறந்து பார்த்துவிட்டு, "நாளைக்கே போய் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

"என்னெண்டு சொல்லுறது? மொழிபெயர்க்கக் கூப்பிட்ட இடத்திலை களவெடுத்தனான் எண்டோ? அவை விசா ஒப்பீசுக்கு ஒரு கடிதம் போட்டா?"

"பிள்ளையின்ரை கண்ணப்பா!"

"கண் டொக்டரிட்டை நேரை கூட்டிக்கொண்டு போவம். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

கண் வைத்தியர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருவர் டெர்மின் என்று ஒக்டோபரில் ஒரு நாள் தந்தார், இன்னொருவர் நவம்பரில். அவசரம் என்று சுகாதார அலுவலகம் கடிதம் தந்தால் மட்டும் முந்தலாம் என்றார்கள். அந்தக் கடிதத்தைக் கேட்க நான் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. பதினாறு நாள் சொல்லவில்லை. என் வயதுக்காரர்களே, கொப்பி எழுதியதை அறியாமை என்று சிலர் மன்னிக்கக் கூடும். இந்தப் பதினாறு நாளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பாண் வேகும் மணத்துக்குள் நின்றுகொண்டு ஒவ்வொரு நாளும், நாளைக்குப் போகலாம் என்று எனக்கு நானே சொன்னேன். மனைவி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். வெள்ளைச் சேட்டைத் தோய்த்து, மடித்து, என் தலையணைக்கு மேல் வைத்திருந்தாள்.

பதினாறாம் நாள் கீழ்வீட்டுக்காரர் மகளுக்குப் பள்ளிக்கூட வழியைப் பழக்கலாம் என்றார். இங்கே பிள்ளை தனியே நடந்து போகப் பழக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமானவர். மகள் முன்னே, நாங்கள் இருவரும் பத்து அடி பின்னே. மூலையில் அவள் பழக்கியபடி நின்று, இடம், வலம், மறுபடி இடம் என்று தலையைத் திருப்பினாள். பிறகு காலை வைத்தாள். இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள். கீழ்வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் சைக்கிள்காரர் வளைத்து நிறுத்திவிட்டார். ஒரு கீறலும் இல்லை.

"தலையைத் திருப்புகிறாள், ஆனால் பார்க்கவில்லையே!" என்றார் அவர் மூச்சு வாங்க.

அது கண்ணால் வந்ததா, குழந்தைத்தனத்தால் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நீலக் கொப்பியோடு சுகாதார அலுவலகத்துக்குப் போனேன்.

டொக்டர் இரண்டு நோயாளர்களுக்கு நடுவில் கிடைத்த ஐந்து நிமிடத்தில் என்னை உள்ளே விட்டார். நான் உட்காரவில்லை. பாடமாக்கிக்கொண்டு போன வசனங்கள் எதுவும் வரவில்லை. கொப்பியை மேசையில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, "இதை நான் எழுதினேன். மகள் பாடமாக்கினாள். அவளுடைய இடது கண் பார்க்காது" என்றேன்.

அவர் கழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். மணிக்கோவை மேசையில் உரசியது.

"எப்போது தெரியும்?"

"பதினாறு நாளாக."

"ஏன் அன்றே வரவில்லை?"

விசாவைச் சொன்னேன். அவர் கொப்பியை மூடி என்னைப் பார்த்தார். "நான் பிள்ளைகளின் காதையும் கண்ணையும் பார்க்கிறேன். யாருடைய விசாவையும் பார்ப்பதில்லை. இந்த அறையிலிருந்து அந்த அலுவலகத்துக்கு ஒரு தாளும் போகாது. இதை ஏன் என்னிடம் கேட்கவில்லை? எத்தனை தடவை இந்தக் கதிரையில் இருந்தீர்கள்?"

அவர் கொப்பியின் நீல மட்டையில் விரலை வைத்தார்.

"உங்கள் மகள் மட்டுமா?"

இல்லை, இன்னும் இரண்டு பேர் என்றேன். அதைச் சொல்லத்தான் அதிகக் கஷ்டமாக இருந்தது. அவர் கோபமாகத்தான் இருந்தார், அதை மறைக்கவும் இல்லை. "மூன்று பேரையும் வெள்ளிக்கிழமை கூட்டி வாருங்கள். புதுப் படம் மாட்டுவேன். கொப்பி என்னிடமே இருக்கட்டும்" என்றார்.

அந்த இரண்டு தகப்பன்மாருக்கும் தொலைபேசி எடுத்தேன். ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அண்ணை, பேப்பர் அவுட்டாகி சோதனையை ரத்துப் பண்ணிப் போட்டினமோ?" என்றார். சிரிப்பா ஏச்சா என்று புரியவில்லை. இரண்டும்தான் என்று வெள்ளிக்கிழமை முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. மற்றவர் என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இருவருக்கும் கண் நன்றாக இருந்தது.

என் மகளின் முறை வந்தது. சுவரில் புதுப் படங்கள். டொக்டர் குந்தி உட்கார்ந்து அவள் உயரத்துக்கு வந்தார்.

"இன்றைக்கு வேறு விளையாட்டு. தெரிந்தால் பெயர் சொல். தெரியாவிட்டால், ஒன்றும் இல்லை என்பதற்கு, உரத்து 'நிக்ஸ்' என்று சொல். எவ்வளவு சத்தமாகச் சொல்கிறாயோ அவ்வளவு நல்லது."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். டொக்டர் அவளுடைய வலது கண்ணை மூடினார்.

"நிக்ஸ்."

"கேட்கவில்லையே!"

"நிக்ஸ்!"

மூன்றாவது படத்தில் அவளுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. வயிற்றிலிருந்து கத்தினாள். நடைபாதையில் காத்திருந்த பிள்ளைகளுக்கும் அது தொற்றி, கதவுக்கு வெளியிலிருந்து "நிக்ஸ்! நிக்ஸ்!" என்று பதில் வந்தது. டொக்டரும் சிரித்தார், என் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் ஒவ்வொரு படத்தையும் பார்த்தேன். மேல் வரியில் இருந்த பூனை ஒரு உள்ளங்கை அளவு பெரியது.

டொக்டர் அவசரக் கடிதம் எழுதித் தந்தார். அதற்குள்ளும் நான் கேட்டுவிட்டேன், ஒரு வருடம் பிந்துமா என்று. "ஏன் பிந்த வேண்டும்? உங்கள் மகள் தயார். கண்ணை நாங்கள் பார்ப்போம்" என்றார். கதவடியில், "அடுத்த செவ்வாய் ஒரு தமிழ்க் குடும்பம் வருகிறது. நீங்களும் வாருங்கள். பேனையை மட்டும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள்" என்றார்.

ஒரு கிழமையில் கண் வைத்தியர் பார்த்தார். ஒரு கண் பலவீனமாக இருந்தால் மூளை அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும், நல்ல கண்ணை நாளுக்குச் சில மணித்தியாலம் மூடி வைத்தால் சோம்பிய கண் வேலைக்கு வரும், சின்ன வயதில்தான் அது சரிவரும் என்று விளக்கினார். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணுக்கு நட்சத்திரப் படம் போட்ட ஒட்டுத்துணி ஒட்டினார்கள். முதல் நாள் மகள் அழுது அதைப் பிய்த்தாள். கீழ்வீட்டுக்காரர் அவளிடம் ஒன்றை இரவல் வாங்கித் தன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, படிக்கட்டில் சீட்டு விளையாட வந்தார். இருவரும் சீட்டை மூக்கில் முட்டும் அளவுக்குப் பிடித்துக்கொண்டு, ஒருவர் சீட்டை ஒருவர் கள்ளமாகப் பார்த்து, சண்டை பிடித்து விளையாடினார்கள். அந்தக் கோடை முழுவதும் படிக்கட்டில் அவர்களுடைய கூச்சல்தான்.

பள்ளிக்கூடம் தொடங்கிய நாளில் இந்த நாட்டு வழக்கப்படி ஒரு பெரிய கடுதாசிக் கூம்பு நிறைய இனிப்பும் பென்சிலும் நிரப்பிக் கொடுத்தோம். மனைவி இரண்டு மாதமாக ஒட்டிச் செய்தது. கூம்பின் பின்னால் மகளின் தலை மட்டும் தெரிந்தது. வகுப்பு வாசலில் பெற்றோர் விடைபெற வேண்டும். அவளுடைய சப்பாத்து நூல் அவிழ்ந்திருந்தது. நான் குனிவதற்குள் கூம்பை என்னிடம் தந்துவிட்டுத் தானே கட்டினாள். பிறகு நிமிர்ந்து, "நீங்கள் போங்கோ அப்பா. தெரியாட்டிக் கேப்பன்" என்றாள்.

அவளுடைய இடது கண் முழுதாகத் தேறவில்லை. பெரும்பகுதி வந்தது. சில மாதம் முந்தியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இராது என்று வைத்தியர் சொன்னார். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கரண்டியில் பாணிமருந்து வார்க்கும்போது அவள் தலையை ஒரு பக்கம் சரிப்பாள். அதைக் காணும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இவ்வளவையும் எழுதி முடித்துப் போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சமையலறையில் வாசித்துக் காட்டினேன். தமிழ் எழுத்து அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும், கேட்டால் எல்லாம் புரியும். கேட்ட பிறகுதான் உங்களுக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருந்தேன். கரட் சீவிக்கொண்டிருந்தவள் டொக்டரின் அறையில் நடந்த முதல் சோதனை வந்ததும் கத்தியை வைத்தாள்.

"அப்பா, அதிலை ஒரு பிழை இருக்கு."

"எதிலை?"

"நீங்கள் பாடமாக்கித் தந்ததாலை மட்டும் நான் அந்தப் படங்களை ஒப்பிக்கேல்லை. அந்தக் கண்ணிலை ஒண்டும் இல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். அதை டொக்டரிட்டைச் சொல்லுவம் எண்டுதான் வாயைத் திறந்தனான்."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"உங்களைத் திரும்பிப் பாத்தனான். நீங்கள் சுவரோடை கதிரையிலை இருந்தனீங்கள். உங்கடை முழங்கால் ஆடிக்கொண்டு இருந்தது. ரெண்டு கையாலையும் அதை அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். எனக்குப் பாவமாப் போச்சு. கெதியா முடிச்சா அப்பாவின்ரை கால் நிண்டிடும் எண்டு நினைச்சனான்."

கால் ஆடியது எனக்கு நினைவில் இல்லை. நான் பெருமையோடு இருந்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தாளை மடிக்கப் போனேன்.

"மடிக்காதேங்கோ" என்றாள். கத்தியை எடுத்து மறுபடி கரட்டைச் சீவத் தொடங்கினாள். "நிண்டதுதானே. நான் முடிச்ச உடனை நிண்டது. மிச்சத்தை வாசியுங்கோ."

வாசித்தேன்.